மரபணு பெயர் சொல்லுமா?

அன்புள்ள கயல்விழி,

கொல்லிமலை ஐயாற்று நண்டின் வயிற்று மடலுக்குள் பொடிப்பொடியாக ஊர்பவற்றைப் படமெடுத்து அனுப்பி, “சாக்குலினாதானே ஐயா? டி.என்.ஏ. பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா?” என்று கேட்டிருக்கிறாய். லென்ஸ் வைத்துப் பார்த்தாயா? காலும் கொடுக்கும் தெரியுமே! அவை குஞ்சுகள். கொல்லிமலை ஓடைகளின் நன்னீர் நண்டு லார்வா விடுவதில்லை. முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே பொரிந்து, சில காலம் தாயின் மடலுக்குள் இருக்கும்.

சாக்குலினா நண்டில் வாழும் ஒட்டுண்ணி. வளர்ந்த சாக்குலினாவுக்குக் காலே கிடையாது. நண்டின் உடலெங்கும் வேரிழைகள், வெளியே ஒரு பை, அவ்வளவுதான். ஆண் நண்டில் புகுந்தால் மடலையும் அகலமாக்கி, பையைத் தன் முட்டையாகவே பேண வைத்துவிடும். அயர்லாந்தில் இருந்த இராணுவ மருத்துவர் தாம்சன், பையிலிருந்து வந்த லார்வாவை வைத்துத்தான் இது கொட்டலசுக் கூட்டம் என்று 1836-இல் சொன்னார். கண்ணும் பொறுமையும் போதுமாக இருந்தன.

மலையோடையில் இது வரவே வராதா என்பாய். 1911-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் அன்னாண்டேல், அந்தமான் நன்னீர் நண்டில் இக்கூட்டத்து ஒட்டுண்ணி ஒன்றை விவரித்து, செசார்மாக்சினஸ் மான்டிகோலா என்று பெயரிட்டார். அந்தக் கட்டுரையை வாசிக்காமல் நண்டு ஒட்டுண்ணி பற்றிப் பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நீயும் வாசி. ஆனால் அந்த நண்டு கடலோர வம்சம். நம் மலை நண்டு வேறு வம்சம்.

இனி டி.என்.ஏ. வழக்கமாகப் படிப்பது சி.ஓ.1 மரபணுவில் 658 எழுத்துகள். அந்தப் பகுதியை நகலெடுக்கப் பயன்படும் பொதுப் பிரைமர் நண்டின் டி.என்.ஏ.வையும் பிடிக்கும். வேரிழையை வெட்டினால் நண்டுத் தசையும் ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் நண்டின் டி.என்.ஏ. வரிசைக்கு ஒட்டுண்ணியின் பெயரை வைத்துவிடுவாய். முதிர்ந்த பையிலிருந்து வெளிவரும் லார்வாவை எடு, கலப்பு குறையும். வரிசை கிடைத்தாலும் தரவுத்தளம் ஒப்பிட்டுத்தான் காட்டும். அங்கே ஒருவர் தப்பாகப் பெயரிட்டிருந்தால் உனக்கும் அதே தப்பு.

மரபணுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. பை முளைக்கும் முன்பே உள்ளிருப்பதைக் காட்டும். சாக்குலினா என்று ஒரே பேரினமாக அடுக்கி வைத்தவை ஒரே வழியில் வந்தவை அல்ல என்று காட்டியதும் அதுவே. ஆனால் பெயர் உயிரியைப் பார்த்து மனிதர் வைப்பது. ஆகவே உயிரியைக் காப்பாற்று.

கடற்கரைப் பக்கம் போய்ப் பையுள்ள நண்டு கிடைத்தால், பையைப் பிய்க்காமல் 95% எத்தனாலில் போடு. ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுக்கும். இடம், தேதி, நண்டினம், ஆணா பெண்ணா என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடு. எண் மட்டும் ஒட்டிய குப்பியை எனக்கு அனுப்பாதே.

அன்புடன்,
உன் பழைய விலங்கியல் ஆசிரியர்