விடுதலை எந்தத் தேதியில் வந்தது?

சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிச் சொன்னேன். "அடிமைகளுக்கு 1863-இல் விடுதலை கிடைத்துவிட்டதே, மாமா!" என்றாள் ஒரு சிறுமி. பலகையில் மூன்று தேதிகள் எழுதினேன்.

1863 ஜனவரி 1: கிளர்ச்சி மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். போர் ஓயவில்லை.

1865 ஏப்ரல் 9: தென்னகத் தளபதி லீ சரணடைந்தார். சொந்தக் குதிரை வைத்திருந்த வீரர்கள் அதை உழவுக்குக் கொண்டுபோகலாம் என்றார் வடக்குத் தளபதி கிராண்ட். அவர்களுக்கு அன்றே போர் முடிந்தது.

1865 ஜூன் 19: டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் வடக்குப் படை விடுதலை ஆணையை அறிவித்தது. அதுவரை அங்கே அடிமைகள் கூலியின்றி உழைத்தார்கள். சட்டம் வந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது!

சரித்திரத்தில் ஒரு தேதியைப் படித்தால், அது யாருடைய தேதி என்றும் கேளுங்கள், குழந்தைகளே.