விளக்கு என்னும் சொல்

பல் விளக்குதல், பாத்திரம் விளக்குதல், பாடற்பொருளை விளக்குதல், மாலையில் ஏற்றும் விளக்கு ஆகிய நான்கிலும் வருவது ஒரே சொல்லா, வெவ்வேறு சொற்களா என்னும் ஐயம் எழலாம். அவை ஒரு வேரின் கிளைகளே.

விளங்கு என்பது தன்வினை. ஒளிர், தெளிவாகு என்பன அதன் பொருள்கள். அதன் மெல்லினம் வல்லினமாகத் திரிய, விளக்கு என்னும் பிறவினை பிறக்கிறது. அடங்கு, அடக்கு எனவும் நீங்கு, நீக்கு எனவும் வருவது போன்றதே இது. அழுக்கை அகற்றிக் கலத்தை விளங்கச் செய்தலும், ஐயத்தை அகற்றிப் பொருளை விளங்கச் செய்தலும் விளக்குதலே. இருளில் மறைந்தவற்றை விளங்கச் செய்யும் கருவிக்கு அவ்வினைப்பகுதியே பெயராயிற்று. 'விளங்குவதால் விளக்கு' என்று எழுதுவோர் உளர்; அது பொருந்தாது. தான் ஒளிர்வது பற்றியன்று, பிறவற்றைப் புலப்படுத்துவது பற்றியே இப்பெயர் அமைந்தது.

ஒளிக்குரிய பிற பெயர்களோடு ஒப்பிட்டால் இந்நுட்பம் புலனாகும். சுடர் என்பது சுடு என்னும் சொல்லோடு உறவுடையது. தீபம் வடசொல், எரிதல், ஒளிர்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. அகல், வாய் அகன்ற சிறு கலம். வடிவத்தால் பெற்ற பெயர். விளக்கு ஒன்றே செயலால் பெயர் பெற்றது.

பழந்தமிழர் வாழ்வில் விளக்குகள் பலவகைப்பட்டன. இரும்பால் செய்த விளக்கையும், யவனர் செய்த பாவை ஏந்திய அகலையும் நெடுநல்வாடை காட்டுகிறது. சிலப்பதிகாரம் கலங்கரை விளக்கத்தைக் குறிப்பிடுகிறது. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். கலங்களை அழைக்கும் விளக்கு அது.

சோழர்காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு என்னும் தொடர் மிகுதியாக வருகிறது. நந்துதல் என்பதற்கு அவிதல் என்றும் பொருளுண்டு. ஆகவே நந்தா விளக்கு, அவியாது எரிவது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் கொடையளிப்பது பெருவழக்கு. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளந்தனர். இறப்பனவற்றைப் பிறக்கும் குட்டிகள் ஈடுசெய்ய, மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றே பொறித்தனர். ஒரு சுடர் அவியாதிருக்க ஓர் ஆயர் குடியின் உழைப்பு தலைமுறைதோறும் தேவைப்பட்டது!

நெய் போய் மண்ணெண்ணெய் வந்தபோது அரிக்கேன் விளக்கு என்றனர். மின்சாரம் வந்தபின் தீயும் இல்லை, திரியும் இல்லை; எனினும் மின்விளக்கு என்றே வழங்குகிறோம். தீயைச் சாராத பெயராதலின், தீ நீங்கியபோதும் அது பொருந்தி நின்றது. மாறியவை உடன்வரும் வினைகளே. எண்ணெய் விளக்கை ஏற்றுவர். அணைத்தல் என்று சொல்லக் கூசிக் குளிரவைத்தல் என்பர். மின்விளக்கையோ போடுவர், நிறுத்துவர்.