அப்பா பெயரில் கணக்கு, பிள்ளை கையில் போன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அதியமான்கோட்டையிலும் சுற்று ஊர்களிலும் அப்பா ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்க, பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளரும் வீடுகள் உண்டு. பள்ளி விட்டதும் வீட்டுப் போன் பிள்ளையின் கைக்குப் போகிறது. அதில் ரோப்லாக்ஸ் திறக்கிறது. "சின்னப் பசங்க கேம்தானே" என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதி எந்த நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ரோப்லாக்ஸ் என்பது ஒரு கேம்.

உண்மை: 2006இல் தொடங்கிய ரோப்லாக்ஸ் ஒரு தளம். அதற்குள் லட்சக்கணக்கான விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றை உருவாக்குபவர்கள் அதைப் பயன்படுத்துகிறவர்களே. வீடு கட்டுவதும் செடி வளர்ப்பதும் அங்கே உண்டு, துப்பாக்கிச் சண்டையும் பேய் பங்களாவும் உண்டு. அதனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி முத்திரை. 2024 நவம்பரில் அதுவரை இருந்த வயது எண்களை எடுத்துவிட்டு நான்கு வகை முத்திரைகளைக் கொண்டுவந்தார்கள். 'மினிமல்' என்றால் எப்போதாவது லேசான சண்டை, லேசான பயம். 'மைல்ட்' என்றால் அதே லேசான சண்டை அடிக்கடி வரும். 'மாடரேட்' என்றால் வன்முறை கூடும், நிஜம் போன்ற ரத்தமும் கொஞ்சம் தெரியும். 'ரெஸ்ட்ரிக்டட்' என்றால் கடும் வன்முறை, மது, கெட்ட வார்த்தை எல்லாம் வரலாம். வயதை நிரூபித்தவர்களுக்கே அது திறக்கும். 9 வயதுக்குக் கீழ் உள்ள கணக்குக்கு முதல் இரண்டு வகைதான். மூன்றாவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அப்போது வந்த விதி. பிள்ளை ஆடும் விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால் இந்த முத்திரையைப் பார்க்கலாம்.

நம்பிக்கை 2: சினிமாவுக்கு சென்சார் மாதிரி, கேமையும் யாரோ முழுதாகப் பார்த்துத்தான் ரேட்டிங் தருகிறார்கள்.

உண்மை: சினிமாவை வெளியிடும் முன் தணிக்கைக் குழு உட்கார்ந்து பார்க்கிறது. அது தரும் யு/ஏ சான்றிதழில் 7, 13, 16 என வயதுப் பிரிவுகளும் உண்டு. இந்தத் தளத்தில் அப்படியில்லை. விளையாட்டை உருவாக்கியவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். ரத்தம் உண்டா, பயமுறுத்தும் காட்சி உண்டா, சூதாட்டம் போன்ற காட்சி உண்டா என்ற கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலை வைத்து முத்திரை விழுகிறது. பிளே ஸ்டோரில் நீங்கள் பார்க்கும் 3+, 7+, 12+ எண்களுக்கும் அடிப்படை இப்படியொரு கேள்வித்தாள்தான்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. முத்திரை அளப்பது திரையில் வரும் காட்சியை மட்டுமே. கூட ஆடுபவர் யார், சாட்டில் அவர் என்ன கேட்கிறார் என்பதை அது அளப்பதில்லை. பொம்மைக்கு உடை மாற்றும் விளையாட்டுக்குள்ளும் முகம் தெரியாத ஆள் வந்து பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலம் ரோப்லாக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது, பிள்ளைகளை இத்தகையவர்களிடமிருந்து காக்கத் தவறியது என்ற குற்றச்சாட்டில்தான். நிறுவனம் அதை மறுக்கிறது.

நம்பிக்கை 3: கணக்கு என் பெயரில், என் பிறந்த தேதியில் இருக்கிறது. அதனால் பயமில்லை.

உண்மை: பயப்பட வேண்டியதே இதற்குத்தான். பிள்ளைகளுக்கான காவல் முழுவதும் கணக்கில் உள்ள வயதை வைத்தே இயங்குகிறது. அப்பாவின் பிறந்த தேதியைப் போட்டால், எட்டு வயதுப் பிள்ளையை அந்தத் தளம் நாற்பது வயதுக்காரராக நடத்தும். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விளையாட்டுக்கு வெளியே தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி 2024 நவம்பரில் போட்ட பூட்டு அந்தப் பிள்ளைக்கு விழாது. 2026 ஜனவரியிலிருந்து சாட் செய்ய வேண்டுமானால் கேமராவில் முகம் காட்டி வயதைச் சரிபார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் வயதுக்கேற்ற குழுவில் சேர்க்கிறார்கள். அங்கே அப்பாவோ அண்ணனோ தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போனைக் கொடுத்தால், பிள்ளை நேராகப் பெரியவர்களின் குழுவுக்குள் போய்விடும்.

பிள்ளைக்கு உண்மையான பிறந்த தேதியுடன் தனிக் கணக்கு தொடங்குங்கள். பழைய கணக்கில் சேர்த்த தொப்பியும் சட்டையும் போய்விடுமே என்று பிள்ளை அழும். சமாதானம் சொல்லுங்கள், ஆனால் மாற்றிவிடுங்கள்.

நம்பிக்கை 4: நான் வெளியூரில் இருக்கிறேன். போன் கையில் இல்லாமல் என்ன கட்டுப்பாடு வைக்க முடியும்?

உண்மை: முடியும். பெற்றோர் தன் போனில் தனக்கென ஒரு ரோப்லாக்ஸ் கணக்கு தொடங்கி, அடையாள அட்டை அல்லது கிரெடிட் கார்டால் தன்னைச் சரிபார்த்து, அதைப் பிள்ளையின் கணக்கோடு இணைக்கலாம். பிள்ளை எவ்வளவு நேரம் ஆடியது, நண்பர் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதை ஓசூரில் இருந்தபடியே பார்க்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை நேரம் என்று வரம்பு வைக்கலாம். குறிப்பிட்ட நண்பரையும் விளையாட்டையும் தடுக்கும் வசதி 2025 ஏப்ரலில் சேர்ந்தது. போனுக்கே பூட்டு போட கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. குறித்துவைத்த நேரம் முடிந்ததும் போனை வாங்கி வைத்தால் போதும்.

நம்பிக்கை 5: தமிழ்நாட்டில் இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆன்லைன் கேமுக்கு அரசே தடை போட்டிருக்கிறது.

உண்மை: 2025இல் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதி அது. சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் அது செல்லும் என்றது. ஆனால் அந்த விதி பணம் கட்டி ஆடும் ரம்மி போன்ற விளையாட்டுகளுக்கு மட்டும். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வதும் பணம் வைத்து ஆடுவதைத்தான். உங்கள் பிள்ளை நள்ளிரவில் ரோப்லாக்ஸ் ஆடினால் இந்த விதிகள் எதுவும் வந்து தடுக்காது.

நம்பிக்கை 6: இலவச கேம். காசு போகாது.

உண்மை: உள்ளே போக இலவசம். உடை, ஆயுதம், சக்தி என்று ஆசை காட்டும் பொருட்களை வாங்க 'ரோபக்ஸ்' வேண்டும். ரோபக்ஸை நிஜப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். யுபிஐ பின் நம்பரைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். "இலவச ரோபக்ஸ் தருகிறேன், பாஸ்வேர்டு சொல்" என்று யார் கேட்டாலும் அது மோசடி.

நம்பிக்கை 7: போனைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: பப்ஜியை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. பிள்ளைகள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதையும் தடை செய்தார்கள், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓடியது. ஒரு கதவை அடைத்தால் பிள்ளை அடுத்த கதவைத் தேடும். பிடுங்குவதில் இன்னொரு கேடும் உண்டு. "சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க" என்று பயப்படும் பிள்ளை, யாராவது போட்டோ கேட்டாலும் மிரட்டினாலும் வாய் திறக்காது. மிரட்டுகிறவருக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான்.

அதனால் முதலில் ஒரு வாக்குக் கொடுங்கள்: "என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு, திட்ட மாட்டோம்." விளையாட்டில் பழகியவர் வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ கூப்பிட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அப்படி ஏதும் நடந்துவிட்டால் சாட்டை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் 1930 எண்ணுக்கும், பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டால் 1098 எண்ணுக்கும் அழையுங்கள்.

முத்திரையும் பூட்டும் உதவும், ஆனால் உண்மையான வயதைச் சொன்னால்தான் உதவும். இன்றிரவு வீட்டுக்குப் போன் செய்யும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, கேம் கணக்கில் எந்த வருடம் போட்டிருக்கிறாய் என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். அது உங்கள் பிறந்த வருடமாக இருந்தால் நாளைக்கே மாற்றுங்கள்.