சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கரையேறியது. கொல்கத்தாவை ஒட்டிய டம்டமில் காற்று மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. மறுநாள் காலை கொல்கத்தாவில் கதவைத் திறந்தவர்களுக்குத் தெரு தெரியவில்லை. குல்மோகரும் தூங்குமூஞ்சியும் ஆலும் அரசும் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்களையும் கார்களையும் சேர்த்து அமுக்கியிருந்தன. மாநகராட்சியிடம் இருந்த மரம் அறுக்கும் மெஷின்கள் போதவில்லை. 23-ஆம் தேதி ராணுவம் இறங்கியது. ஒடிசாவிலிருந்தும் மீட்புக் குழுக்கள் வந்தன. அதுவரை பல சந்துகளில் கோடரியும் கைரம்பமும்தான்.

ஹவுராப் பக்கம் விறகு டிப்போ வைத்திருக்கும் என் நண்பர் அந்த மாதக் கடைசியில்தான் பழைய செயின்சா ஒன்றை வாங்கினார். கொல்கத்தாவின் பழைய பேட்டைகளில் விறகடுப்பில் ரொட்டி சுடும் பேக்கரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு விறகு போடுவதுதான் அவர் தொழில். முறைப்படி விலைக்கு எடுத்த அடிமரங்கள் டிப்போவில் குவிந்துவிட்டன, அறுக்க ஆள் கிடைக்கவில்லை. 'இருப்பதிலேயே பெரிய மெஷினாகக் கொடுங்கள்' என்று ஒரு பழைய சாமான் கடையில் கேட்டு வாங்கினார். பதினெட்டாம் நாள் அது நடு மரத்தில் நின்றது. கயிற்றை இழுத்தால் வரவில்லை, சீஸ் ஆகிவிட்டது. ரசீது இல்லை, கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

சென்ற வருடம் அவர் இன்னொன்று வாங்கக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். போவதற்கு முன் பேராவூரணியில் இருக்கும் என் மாமா மகனுக்குப் போன் போட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்து டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டதே, அதன் பிறகு மாதக்கணக்கில் மெஷின் பிடித்தவன் அவன். முதல் வாக்கியமே இதுதான்: "அத்தான், மெஷின கையில தூக்கிப் பாத்து ஏமாறாதீங்க. சைலன்சரக் கழட்டிப் பாருங்க."

'விறகுக்குப் பெரிய மெஷின்தான் லாபம்.' நண்பரைக் கவிழ்த்த நம்பிக்கை இது. விறகுக்கு வருகிற மரத்தில் பெரும்பகுதி எட்டிலிருந்து பதினான்கு அங்குலக் கனம். அதற்கு 50, 60 சிசி இன்ஜினும், செயின் சுற்றி ஓடும் 18 அங்குலப் பாரும் தாராளம். பார் மரத்தின் கனத்துக்குச் சமமாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் 18 அங்குலப் பாரில் இரண்டரை அடி மரத்தைத் துண்டாக்கலாம். கொல்கத்தாத் தெருவோரத் தூங்குமூஞ்சியின் அடிமரம் மூன்றடியைத் தாண்டும். அதுவே அன்றாட வேலை என்றால் 70 சிசிக்கு மேல் போங்கள், 25 அங்குலப் பார் போடுங்கள். மாதத்தில் இரண்டு முறை வரும் அடிமரத்துக்காக மிச்ச நாளெல்லாம் பெரிய மெஷினைத் தூக்கிச் சுமந்தால் மத்தியானத்துக்குள் தோள் போய்விடும். தோள் தளர்ந்த கையில்தான் விபத்து நடக்கிறது.

பழைய சந்தையில் 'பெரிய மெஷின்' என்றாலே முதலில் காட்டுவது ஸ்டில் 070. ஜெர்மன் வடிவம், 106 சிசி, பார் இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல். மெதுவாகச் சுற்றும், யானை மாதிரி இழுக்கும். மரக்கடைக்காரர்கள் அதைக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு. ஆனால் பழைய 070-இல் செயின் பிரேக் கிடையாது. அதிர்வைத் தாங்கும் ரப்பரும் கைப்பிடியில் கிடையாது. வருடக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வருகிறது. பெருமரங்களைப் பலகை அறுப்பவருக்கு அது ஏற்றதாக இருக்கலாம், விறகுக்கு நான் சொல்லமாட்டேன். அதே கம்பெனியின் 381 என்ற மாடல் 72 சிசி. ஏழு கிலோவுக்குள் அடங்கும், பிரேக்கும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: இரண்டுக்குமே அச்சு அசல் நகல்கள் உண்டு. பெயரில்லாத மலிவு மெஷின்களில் '58 சிசி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பலவற்றின் உள்ளளவு 52, 54 சிசிதான். ஸ்டிக்கரைப் பார்த்துப் பணம் எண்ணாதீர்கள்.

'ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, இன்ஜின் புதுசு மாதிரி!' கடைக்காரர் நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். சூடான இன்ஜின் தேய்ந்திருந்தாலும் கிளம்பிவிடும். போனவுடன் சைலன்சரில் புறங்கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். ஆறிய பிறகு இழுக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் போன கடையில் சூடு இருந்தது. டீக்குப் போனோம். திரும்பி வந்தபோது அதே மெஷின் பதினோராவது இழுப்பில்தான் இருமியது.

இரண்டாவது மெஷினில் சைலன்சரைக் கழற்றக் கேட்டோம். இரண்டு மூன்று திருகுதான், ஐந்து நிமிட வேலை. பிளக்கையும் கழற்றிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை அந்த ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். நல்ல பிஸ்டன் மங்கிய வெள்ளிபோல் ஒரே சீராக இருக்கும். உற்பத்தியின்போது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அதில் இன்னும் தெரிந்தால் அதிர்ஷ்டம். நாங்கள் பார்த்ததில் மேலிருந்து கீழாக நகம் கீறினாற்போல் நாலைந்து வரிகள், ஒரு பக்கம் ரிங்கின் மேல் அலுமினியம் உருகிப் பூசியதுபோல் இருந்தது. ஆயில் இல்லாமலோ, காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்தோ ஓடிய இன்ஜினின் கையெழுத்து அது. நண்பர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல் மெஷினைத் திறந்தபோது உள்ளே பார்த்ததும் இதே வரிகள்தான் என்றார். அது ஏற்கெனவே சாகக் கிடந்தது, இவர் கையில் பதினெட்டு நாள் மூச்சு விட்டிருக்கிறது.

கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் கூட வந்தால் இன்னும் நல்லது. பெரிய மெஷினில் 150 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் நிம்மதி. 120-க்குக் கீழே என்றால் பிஸ்டன், ரிங் செலவை விலையில் கழித்துத்தான் பேசவேண்டும்.

அதோடு முடிந்துவிடாது. ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். செயின் அசையக்கூடாது, ஊர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங்கையோ ஐடில் திருகையோ பார்க்கவேண்டும். மெஷினை இடம், வலம், முன், பின் சாய்த்துப் பாருங்கள், சத்தம் மாறக்கூடாது. திராட்டிலை அழுத்தி விட்டவுடன் வேகம் சட்டென்று இறங்கவேண்டும். இறங்காமல் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, பெரும்பாலும் கிராங்க் சீல். அந்த மெஷின் எவ்வளவு பளபளத்தாலும் வரிவிழுந்த பிஸ்டனை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஆயில் கூடுதலாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது.' பேராவூரணியிலும் ஹவுராவிலும் இந்த ஒன்றை மட்டும் ஒரே குரலில் சொல்கிறார்கள். கம்பெனி சொல்லும் தரமான 2டி ஆயில் என்றால் 50-க்கு 1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயிலுக்குப் பல கம்பெனிகள் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி என்கின்றன. அதற்குமேல் ஊற்றுவது புகைபோக்கி வாயில் கரியாகப் படிகிறது, பிளக்கை அடைக்கிறது. ஒரே கலவையில் ஆயில் ஏற ஏறப் பெட்ரோலின் பங்கு குறைவதால் இன்ஜின் சூடாவதும் உண்டு. காருக்கு ஊற்றும் ஆயில் இதில் சேரவே கூடாது. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொல்கத்தாவின் ஆனி, ஆடி ஈரத்தில் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீர் அடியில் தங்கும். கார்புரேட்டரின் டயஃப்ரம் விறைத்துப்போகும். பழைய மெஷினில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் மாதிரிப் புளித்த வாடை அடித்தால் கார்புரேட்டர் கிட்டும் பெட்ரோல் டியூபும் மாற்றும் செலவு உங்களுடையது.

இதைவிட எனக்கு மனம் பொறுக்காதது செயினுக்கு ஊற்றும் எண்ணெய் பற்றிய நம்பிக்கை. 'செயினுக்கு வண்டியில் வடித்த பழைய ஆயிலே போதும்' என்கிறார்கள். வடித்த ஆயிலில் இரும்புத்தூள் இருக்கும், அது ஆயில் பம்பையும் பாரையும் அரைக்கும். அதைவிட முக்கியம், புற்றுநோய் வரவழைக்கும் பொருட்கள் அதில் உண்டு. செயின் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அதை விசிறியடிக்கிறது. அறுப்பவரின் மூக்கிலும் கையிலும் படிகிறது, விறகிலும் ஊறுகிறது. அந்த விறகுதான் பேக்கரி அடுப்புக்குள் போகிறது, அதன் சூட்டில்தான் பள்ளிக்கூடப் பிள்ளை தின்னும் பாவ்ருட்டி என்னும் ரொட்டி வேகிறது. புது ஆயிலின் விலை ஒரு நாள் கூலியில் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். பம்ப் வேலை செய்கிறதா என்று அறிய, செயினை ஓடவிட்டுப் பாரின் முனையை வெள்ளை அட்டைக்கு மேல் பிடியுங்கள். சில விநாடிகளில் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழவேண்டும்.

'செயின் புதுசு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்' என்பதில் மயங்கவேண்டாம். செயின் மலிவு. பாரைக் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்த பார் சாய்ந்து விழும், மரத்தில் வளைந்து அறுக்கும். செயினை ஓட்டும் ஸ்பிராக்கெட்டில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

'அனுபவம் உள்ளவனுக்குப் பிரேக் எதற்கு?' இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் இரண்டு பேருடைய தாடைத் தழும்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாரின் முனையில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், அனுபவம் கைக்கு வர நேரமில்லை. அந்த வேகத்தில் முன்கையின் மணிக்கட்டு தட்டிச் செயினை நிறுத்துவதுதான் பிரேக். வாங்கும்போது செயினை ஓடவிட்டு, பிரேக்கை முன்னால் தள்ளிப் பாருங்கள். செயின் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். மெல்ல மெல்ல நின்றால் வேண்டாம். பழைய மெஷின்களில் பிரேக் பட்டையை வேண்டுமென்றே கழற்றிப் போட்டிருப்பதும் உண்டு. லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் அறுக்கிறவர்களை இரண்டு ஊரிலும் பார்க்கிறேன். செயினில் ஒரு நுனி சுற்றிக்கொண்டால் லுங்கி காலையும் சேர்த்து இழுக்கும். ஷூவும் கண்ணாடியும் காதடைப்பானும் மெஷின் விலையின் ஒரு பகுதி என்று எடுத்து வையுங்கள்.

புயலில் விழுந்த மரம் யாருக்கும் சொந்தமில்லை என்பதும் தவறு. தெருமரம் விழுந்தாலும் அது பொதுச்சொத்து. நிற்கிற மரத்துக்கு மேற்கு வங்கத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காட்டுக்கு வெளியே சொந்த நிலத்தில் நின்றாலும் வெட்ட அனுமதி வேண்டும். இலங்கையில் 2019-இல் செயின்சாவையே பதிவு செய்யச் சொன்னார்கள். இங்கேயும் மெஷினின் சீரியல் எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் அது திருட்டு மெஷினாக இருக்கலாம்.

நண்பர் கடைசியில் வாங்கியது 60 சிசி மெஷின், 18 அங்குலப் பார். சாயம் போயிருந்தது, மூடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. பிஸ்டனில் ஒரு வரி இல்லை. பெரிய அடிமரம் வந்தால் 25 அங்குலப் பாரோடு ஒருவர் வருகிறார், நாள் கூலிக்கு.

கொல்கத்தா மரத்துக்கு ஒரு குணம் உண்டு, அதை அவர்தான் எனக்குக் காட்டினார். மரத்தின் பட்டைக்குள் ஆணி இருக்கும். தேர்தல் பேனர், டியூஷன் விளம்பரம், கேபிள் கம்பி, பூஜைக்குக் கட்டிய சீரியல் செட் என்று பல வருடங்களாக அடித்த ஆணிகளை மரம் விழுங்கி மேலே பட்டை மூடியிருக்கும். ஒரு ஆணி பட்டால் போதும், செயினின் பல் வரிசை முழுக்க மழுங்கிவிடும். அரமெடுத்து உட்காரவேண்டும். இப்போது அறுப்பதற்கு முன் அவர் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, ஆள் உயரம் வரைக்குமான பட்டையில் தடவிக்கொண்டே வருகிறார். கயிறு ஓரிடத்தில் சரிந்து நின்றால் உளியால் தோண்டுகிறார். எடுத்த ஆணிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறார். போன வாரம் போயிருந்தபோது பாட்டில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மெஷினில் மாட்டியிருந்தது வாங்கியபோது போட்ட அதே செயின்.