விருந்தினர் வரியும் உள்ளாட்சியின் உரிமையும்

முன்னுரை

வரியின் அளவைப் பற்றி வாதிடுவோர் பலர். அவ்வரி எவரிடம் சென்று சேர வேண்டும் என வினவுவோர் சிலரே. சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளைச் சில நாள் வாடகைக்கு விடும் வழக்கம் பெருகியுள்ள இந்நாளில் இவ்வினா வலிமை பெறுகின்றது. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சுமையும் வருவாயும்

ஹவாயில் 180 நாள்களுக்குக் குறைவாகத் தங்குவோர்க்கு விடப்படும் விடுதி அறைக்கும் வாடகை வீட்டுக்கும் தங்கல் வரி உண்டு. 1987இல் 5 விழுக்காடாகத் தொடங்கிய மாநில வரி, 2018இல் 10.25 விழுக்காடாயிற்று, 2026 தொடக்கம் முதல் 11 விழுக்காடு. ஆயின், பயணிகளால் பெருகும் பணிகளைச் செய்வது 'கவுண்டி' எனும் உள்ளாட்சியே. காவல், தீயணைப்பு, பூங்கா, கடற்கரை உயிர்காப்பு, குப்பை அகற்றல் ஆகியன அதன் பொறுப்புகள். அதன் முதன்மை வருவாயோ சொத்து வரி. சுமை ஓரிடத்தும் வருவாய் வேறிடத்துமாக நிற்பதே இங்குள்ள சிக்கல்.

பங்கீட்டின் வரலாறு

1990ஆம் ஆண்டுச் சட்டம் தங்கல் வரியின் பெரும்பகுதியைக் கவுண்டிகளுக்கு ஒதுக்கியது. 2011இல் அப்பங்குக்கு ஆண்டுக்கு 9 கோடியே 30 இலட்சம் டாலர் என்று உச்சவரம்பு கட்டப்பட்டது; பின்னர் அது 10 கோடியே 30 இலட்சமாயிற்று. பயணியர் தொகை பெருகினும் பங்கு பெருகவில்லை. 2021இல் சட்டமன்றம் அப்பங்கையே நீக்கி, கவுண்டிகள் தாமே 3 விழுக்காடு வரை வரி விதிக்கலாம் என்றது. ஆளுநர் மறுப்பாணை பிறப்பித்தும் சட்டமன்றம் அதனைப் புறந்தள்ளிச் சட்டமாக்கியது. நான்கு கவுண்டிகளும் 3 விழுக்காட்டையே விதித்தன.

மதிப்பீடு

நிலையான தொகை திட்டமிட உதவும்; எனினும் தருபவர் நினைத்தால் நின்றுவிடும். சொந்த வரி உரிமை தரும்; எனினும் பயணியர் குறைந்தால் வருவாயும் குறையும். இரண்டையும் எடைபோடுங்கால் உரிமையே மேலானது என்பது நம் கருத்து.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அம்மக்களுள் செல்வரிடம் பெறும் ஸகாத்தை அவர்களுள் வறியோர்க்கே வழங்குமாறு பணித்தார்கள். ஸகாத் வணக்கமாகும், தங்கல் வரியோ அரசின் ஏற்பாடு. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், ஓரூரில் திரளும் பொருளில் அவ்வூரார்க்கு முதலுரிமை உண்டு என்னும் நெறி இரண்டுக்கும் பொருந்தும்.

முடிவுரை

2023 ஆகஸ்டில் மௌயித் தீவின் லாஹைனா நகரைத் தீ அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைத்த குடும்பங்கள் குடியிருக்க வீடு தேடி அலைந்தபோது, பயணியர்க்கென ஒதுக்கப்பட்ட வீடுகளைப் பற்றிய கேள்வி கூர்மையாக எழுந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. வரியில் பங்கு பெறுவது உள்ளாட்சியின் உரிமை. அவ்வருவாயின்மீது கொண்ட பற்றினால் சொந்த மக்களின் குடியிருப்பை மறவாதிருப்பது அதன் கடமை. உரிமையும் கடமையும் இணைந்த இடத்தில்தான் வரி அறமாகின்றது.