சின்ன ஊர் என்றால் தேடமாட்டார்களா?

"எங்களை யாருக்குத் தெரியும்? மலைமேல் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சின்னப் பட்டறை. எங்கள் சர்வரைத் தேடி யார் வரப்போகிறார்கள்?"

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோனில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கைக்கடிகாரத்துக்குத் திருகாணி செய்து கொடுப்பவர் சொல்கிறார். கணக்கர் அலுவலகத்தில் சொல்கிறார்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை ஒரு பழைய கணினியில் போட்டு, அதை வீட்டு ரௌட்டர் வழியாக வெளியே திறந்து வைத்திருக்கிற நம் தமிழர்களும் சொல்கிறார்கள். படித்தவர்கள், கணினித் தொழிலிலேயே இருப்பவர்கள் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. இது முழுப் பொய். இந்த ஒரு பொய்யை நம்பித்தான் கடவுச்சொல் இல்லாத தரவுத்தளங்களும், ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காத சர்வர்களும் இணையத்தில் திறந்து கிடக்கின்றன.

திருடன் ஊரையும் கம்பெனியையும் விசாரித்து, குறிவைத்து வருவான் என்பது இவர்கள் எண்ணம். நடப்பது தலைகீழ். யாரும் உங்களைத் தேட வேண்டியதில்லை. உங்கள் சர்வர் ஏற்கெனவே ஒரு பட்டியலில் இருக்கிறது. ஜான் மெத்தர்லி 2009இல் தொடங்கிய ஷோடான் என்ற தேடுபொறியின் வேலையே அதுதான். கூகுள் இணையப் பக்கங்களைப் படித்துச் சேர்க்கிறது. ஷோடான் இணையத்தில் இருக்கிற இயந்திரங்களைத் தட்டிப் பார்த்துச் சேர்க்கிறது. ஐபி முகவரிகளில் பல போர்ட்டுகளைத் தட்டும். பதில் வந்தால் அதை அப்படியே பதிந்துகொள்ளும்: என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, சான்றிதழில் யார் பெயர், எந்தத் தேதியில் பார்த்தது. இந்தப் பதிலைத்தான் பேனர் என்கிறார்கள். உங்கள் சர்வர் தானாகவே, கேட்ட எல்லாருக்கும், ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற விவரம் அது.

"உலகத்தில் இத்தனை கோடி முகவரி இருக்கும்போது என்னுடையதையா தட்டுவார்கள்?" என்று அடுத்துக் கேட்பார்கள். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. மனிதருக்குத்தான் அது பெரிய எண். மிஷிகன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரே கணினியையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்துக்கொண்டு, அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டி முடித்தது. அதே குழுவின் ஆராய்ச்சியிலிருந்து 2015இல் சென்ஸிஸ் என்ற இன்னொரு தேடுபொறி வந்தது.

லா ஷோ-து-ஃபோன்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமே இல்லை. 1794 தீ விபத்துக்குப் பிறகு இந்த ஊரைக் கட்டம் போட்டுக் கட்டினார்கள். நேர்கோட்டுத் தெருக்கள், பட்டறைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும்படி வரிசையாக வீடுகள். அந்த அமைப்புக்காகவே 2009இல் பக்கத்து ஊரான லெ லோக்லோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. இங்கே ஒரு புதுத் தபால்காரர் யார் வீடு எது என்று தெரியாமலே, எண்ணைப் பார்த்தே ஒரு வாசல் விடாமல் போய்வர முடியும். ஐபி முகவரிகளும் அப்படி எண் போட்ட வாசல்கள்தான். பெரிய கம்பெனியின் வாசலுக்கும் உங்கள் வாசலுக்கும் தட்டுகிறவனுக்கு வித்தியாசம் கிடையாது.

பட்டியல் தயாரான பிறகு தேடல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டெர்மினலில் ஒரு வரி. இந்த மென்பொருள், இந்தப் பதிப்பு, இந்த நாடு என்று கேட்டால் சில நொடியில் முகவரிகள் வரிசையாக வந்து விழும். தேடுகிறவனுக்கு உங்கள் பெயரோ தொழிலோ தேவையில்லை. பழைய பதிப்பு தேவை. 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்களே, அவர்கள் ஒவ்வொரு கம்பெனியையும் விசாரித்துக்கொண்டா வந்தார்கள்?

சுவிஸ் அரசே இதை நிரூபித்துக் காட்டியிருக்கிறது. 2022 இறுதியில் தேசிய சைபர் பாதுகாப்பு மையம், ஓட்டை அடைக்காத எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர் வைத்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குப் பதிவுத் தபால் அனுப்பியது. எந்தச் சர்வரில் ஓட்டை என்று அறிய யார் அலுவலகத்துக்குள்ளும் போகவில்லை, வெளியிலிருந்தே தெரிந்தது. அரசுக்குத் தெரிந்தது திருடனுக்குத் தெரியாதா? அத்தனை கடிதம் போன பிறகும் பல நூறு சர்வர்கள் ஓட்டையோடேயே ஓடிக்கொண்டிருந்தன.

சின்ன இடம் என்று யாரையும் விட்டுவைத்ததும் இல்லை. லெமான் ஏரிக்கரையில் இருக்கிற ரோல் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் வாழும் ஊர். 2021இல் அதன் நகராட்சித் தரவைத் திருடி வெளியே போட்டார்கள். 2022இல் நம் நியூஷாத்தெல் மாநிலத்திலேயே மருத்துவர் அலுவலகங்களின் நோயாளிக் கோப்புகள் அதே கதிக்கு ஆளாயின. திருடர்கள் அங்கெல்லாம் எந்த வழியாக நுழைந்தார்கள் என்பது வேறு கேள்வி. "எங்களை யாருக்குத் தெரியும்" என்ற பாதுகாப்பு அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

மற்றக் கதைகளுக்கு இத்தனை நேரம் தேவையில்லை.

போர்ட் எண்ணை மாற்றினால் மறைந்துவிடலாம் என்பார்கள். மற்றப் போர்ட்டுகளையும்தான் தட்டுகிறார்கள். எண் எதுவானாலும் பேனர் பேசிவிடும். சோதனைச் சர்வரின் பெயரை யாருக்கும் சொல்லவில்லை என்பார்கள். அதற்கு ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கிய அன்றே அந்தப் பெயர் எல்லாரும் படிக்கக்கூடிய சான்றிதழ்ப் பதிவேடுகளில் ஏறிவிட்டது. புதிய முறை ஐபி முகவரிகள் எண்ணிலடங்காதவை, எனவே பயமில்லை என்பார்கள். எல்லாவற்றையும் வரிசையாகத் தட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் ஷோடான் நேரம் சொல்லும் சர்வர்களை வைத்து, நேரம் கேட்க வந்த இயந்திரங்களின் புதிய முகவரிகளைச் சேகரித்தது 2016 ஜனவரியிலேயே வெளிவந்துவிட்டது. சர்வர் சுவிஸ் மண்ணில் இருக்கிறது, சட்டம் காப்பாற்றும் என்பார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் கடமையைத்தான் சொல்கிறது. திறந்த போர்ட்டை அது வந்து மூடாது. இப்படித் தேடுவதே குற்றம் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். பட்டியலைப் படிப்பது வேறு, அடுத்தவர் சர்வரில் கடவுச்சொல் போட்டுப் பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 143பிஸ் பிரிவு காத்திருக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒரு தவறு மட்டும் கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. தேடிப் பார்த்தேன், பூஜ்யம் வந்தது, நாம் சுத்தம் என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ஷோடானின் டெர்மினல் கருவியில் நம் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பெயருக்கு நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதனால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஆனால் அந்தக் குறியை, கட்டளையை முதலில் படிக்கிற ஷெல்லே விழுங்கிவிடும். கருவிக்குப் போய்ச் சேர்வது 'லா' என்ற ஊரும், எங்கோ தேட வேண்டிய சொல்லாக 'ஷோ-து-ஃபோன்' என்பதும்தான். பூஜ்யம் வராமல் என்ன வரும்? முழுத் தேடலையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால்தான் இரட்டை மேற்கோள் உயிரோடு போய்ச் சேரும். சரியாக எழுதினாலும் முழு விடை வராது. ஐபி முகவரியை ஊரோடு பொருத்துவது உத்தேசக் கணக்கு. இந்த ஊரில் இருக்கிற இணைப்பு வேறு நகரத்தின் பெயரில் பதிவாகியிருக்கலாம். ஆகவே ஊர்ப் பெயரால் தேடாதீர்கள். உங்கள் ஐபி முகவரியால் தேடுங்கள், தேதியையும் பாருங்கள். பட்டியல் காட்டுவது கடைசியாகத் தட்டிய நாளின் நிலைமையை. நேற்று மாலை நீங்கள் திறந்துவிட்ட போர்ட் அதில் இன்னும் ஏறியிருக்காது.

அலுவலகத்துக்குள் இருக்கிற பட்டியலுக்கும் இதே விதிதான். செஃப் என்ற நிர்வாக மென்பொருளை வைத்துச் சர்வர்களை நிர்வகிக்கிறவர்கள் அதன் நைஃப் கட்டளையால் தேடி, எந்தச் சர்வரில் என்ன இருக்கிறது என்று நொடியில் பார்க்கிறார்கள். நல்ல கருவி. ஆனால் அதில் கிடைப்பது, செஃப் அந்த இயந்திரத்தில் கடைசியாக ஓடியபோது எழுதி வைத்த நிலைமை. மூன்று மாதமாகச் செஃப் ஓடாத சர்வர் மூன்று மாதத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்லும். செஃப்பில் சேர்க்காமல் யாரோ மூலையில் செருகிய இயந்திரம் அந்தத் தேடலில் வரவே வராது. உள்பட்டியலையும் வெளிப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே தெரிகிற ஒன்று உள்ளே இல்லையென்றால், அதுதான் முதலில் மூட வேண்டிய வாசல்.

பட்டியல் எழுதாத பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நான் நினைக்கிறேன். எத்தனை சர்வர் இருக்கிறது என்று கேட்டால் விரல்விட்டு எண்ணத் தொடங்குகிற முதலாளிகளை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறேன். விலையுயர்ந்த பாதுகாப்பு மென்பொருள் வாங்கியிருப்பார்கள், எதைப் பாதுகாக்கிறோம் என்று தெரியாது. முதலில் ஒரு சாதாரண உரைக்கோப்பு போதும். வெளியே தெரிகிற ஒவ்வொரு முகவரியும் ஒரு வரி. அதன் எதிரே பொறுப்பாளர் பெயர். அந்தக் கோப்பை எடுத்து ஒவ்வொரு முகவரியாகத் தேடிப் பார்க்க ஐந்து வரி நிரல் போதும். வாரம் ஒருமுறை தானாக ஓடட்டும். மாற்றம் தெரிந்தால் மின்னஞ்சல் வரட்டும்.

சுவிஸில் தகவல்தொழில்நுட்பத் தொழிற்பயிற்சி எடுக்கிற நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாமாவின் கடை, சித்தப்பாவின் உணவகம், நீங்கள் போய்வருகிற சங்கம், கோயில் என்று எல்லா இடத்திலும் இன்று ஒரு சர்வரோ கேமராப் பெட்டியோ இணையத்தில் மாட்டியிருக்கிறது. அவர்களுடைய அனுமதியைக் கேளுங்கள். அந்த இடத்தின் ஐபி முகவரியை எடுத்து, டெர்மினலைத் திறந்து, உலகம் அதைப் பற்றி என்ன பதிந்து வைத்திருக்கிறது என்று அவர்கள் கண் முன்னாலேயே தேடிக் காட்டுங்கள். அதன் பிறகும் யாராவது "எங்களை யாருக்குத் தெரியும்" என்றால், திரையில் இருக்கிற தேதியைத் தொட்டுக் காட்டுங்கள்.