சி.டி. வேஷம் போட்ட மோடம்



லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. மோடத்தைச் செருகினால் சில சமயம் இன்டர்நெட் வராது. திரையில் ஒரு சி.டி. படம் மட்டும் வந்து நிற்கும். உடனே எல்லாரும் "மோடம் போச்சு" என்பார்கள். எங்க அக்கா மடிக்கணினிக்கும் கடையில் அதையேதான் சொன்னாங்க. புது மோடம் என்றால் எங்க அம்மாவுக்கு நாலு நாள் கூலி. ஆனால் பழைய மோடம் கெடவே இல்லை. வேஷம் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கியது. இலவசம். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது.

சரி, மோடத்துக்கு வேஷம் எதுக்கு? முன்பெல்லாம் மோடத்தோடு தனியாக ஒரு சி.டி. கொடுப்பார்கள். அதில் விண்டோஸுக்கான டிரைவர் இருக்கும். பிறகு அந்த சி.டி.யை மோடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதனால் செருகியதும் மோடம், "நான் ஒரு சி.டி. டிரைவ்" என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் அதிலிருந்து டிரைவரை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அந்த டிரைவர், "வேஷத்தைக் கலை" என்று மோடத்துக்கு ஒரு கட்டளை அனுப்பும். லினக்ஸில் அந்த விண்டோஸ் டிரைவர் ஓடாது. கட்டளை போடுவதற்கு ஆள் இல்லை. மோடம் சி.டி.யாகவே உட்கார்ந்திருக்கும், பாவம்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டெர்மினலைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். செருகியிருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண் வரும். ஹுவாய் ஈ1550 மோடம் என்றால் முதலில் 12டி1:1446 என்று காட்டும். 12டி1 என்பது கம்பெனியின் எண். (எண்ணுக்குள் எழுத்து எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அது பதினாறு அடிமான எண். கணக்கு சாரிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.) வேஷம் கலைந்தால் பின்பாதி மாறி 12டி1:1001 ஆகிவிடும். எண் மாறிவிட்டதா என்று பார்த்தாலே போதும், பாதி வேலை முடிந்தது.

மாற்றுவதற்கு யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. ஜோசுவா டீட்ஸே என்பவர் எழுதியது. எந்த மோடத்துக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியல் அதன் கூடவே தனிப் பொதியாக வரும். இரண்டும் வேணும். இப்போதைய லினக்ஸ் பலவற்றில் முன்கூட்டியே இருக்கும். பழையதில் இல்லாவிட்டால்தான் வேடிக்கை: இன்டர்நெட் வர நிரல் வேணும், நிரலை எடுக்க இன்டர்நெட் வேணும்! அதற்கு, வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவரலாம். சில மோடத்துக்கு இதுகூட வேண்டாம். சி.டி. படத்தின் மேல் வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தாலே மாறிவிடும்.

பிறகு ஆப்ஷன் என்ற டிரைவர் மோடத்தை ஏற்றுக்கொள்ளும். இந்த டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருப்பது. பெல்ஜியம் நாட்டு ஆப்ஷன் கம்பெனியின் கார்டுகளுக்காக முதலில் எழுதியதால் அந்தப் பேர். அடுத்து நெட்வொர்க் மேனேஜரில் மொபைல் பிராட்பேண்டைத் தேர்ந்தெடுத்து, சிம் கம்பெனியின் ஏ.பி.என். பெயரைக் கொடுக்கணும். டயல் எண் கேட்டால் *99#.

அப்பவும் வராவிட்டால் இரண்டு விஷயம் பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டரில் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். மின்சாரம் பத்தாவிட்டால் மோடம் அணைந்து அணைந்து எரியும். அடுத்தது சிம். ஈ1550 வெறும் 3ஜி மோடம். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அந்த சிம்மைப் போட்டுவிட்டு லினக்ஸைத் திட்டக் கூடாது.